ஒன்பது வாரம் குமிழி விட்டோம்

“மேடம், நீங்க கொஞ்சம் தள்ளிப் போய் உட்காருங்களேன்.”

கோச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. அதுவரை நான் நீச்சல் குளத்தின் விளிம்பில் குந்திக்கொண்டு, “காலை அடி, காலை அடி! தலையைத் தூக்காதே!” என்று கத்திக்கொண்டிருந்தேன். மகளுக்கு அப்போது ஆறு வயது. நான்கு கை போடுவாள், ஐந்தாவதில் எழுந்து நிற்பாள், இரண்டு கையாலும் முகத்தை வழித்துத் துடைப்பாள், பக்கத்திலேயே நிற்கும் கோச்சை விட்டுவிட்டு என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வையைத்தான் கோச் கவனித்திருக்கிறார். ஒரு குழந்தைக்கு ஒரே நேரத்தில் இரண்டு பேர் பாடம் எடுத்தால் அது யார் பேச்சைக் கேட்கும்? அதிலும் நான் நீந்தத் தெரியாதவள்.

முதல் ஐந்து வாரம் எல்லாம் ஜோராகத்தான் போயிற்று. முதல் நாள் படியில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்தவள், இரண்டாம் வாரம் முகத்தை முக்கினாள், மூன்றாம் வாரம் விளிம்பிலிருந்து குதித்தாள், ஐந்தாம் வாரம் கிக் போர்டு என்கிற மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு சின்னக் குளத்தைக் குறுக்கே கடந்துவிட்டாள். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் வீடியோ அனுப்பினேன். இதே வேகத்தில் போனால் மூன்று மாதத்தில் பெரிய குளம் என்று மனதுக்குள் கணக்கும் போட்டாயிற்று. அப்புறம் ஒரு நாள் கோச் கிக் போர்டை வாங்கி வைத்துவிட்டு, “இப்போ கை போட்டு, நடுவுல மூச்சு எடுத்து வா கண்ணு” என்றார். வண்டி அங்கேயே நின்றுவிட்டது. ஆறாவது வாரம், ஏழாவது வாரம், எட்டாவது வாரம், அதே நான்கு கை, அதே எழுந்து நிற்றல். கூடச் சேர்ந்த பையன் அடுத்த நிலைக்குப் போய்விட்டான். அவனுடைய அம்மா, “ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு மாதிரிங்க, கவலைப்படாதீங்க” என்றார். அந்த ஆறுதலைத்தான் தாங்க முடியவில்லை.

எட்டு வாரம் முடிந்ததும் கோச் கை போடுவதையே நிறுத்திவிட்டார். மறுபடியும் சுவரைப் பிடித்துக்கொண்டு குமிழி விடச் சொன்னார். மூன்றாம் வகுப்புப் பிள்ளையைத் திரும்ப அ, ஆ எழுத உட்கார வைத்த மாதிரி இருந்தது எனக்கு. அன்று இரவே வேறு இடம் தேட ஆரம்பித்தேன். பத்தே நாளில் நீச்சல் என்று விளம்பரம் செய்திருந்த ஓர் இடத்துக்கு ஃபோன்கூடப் போட்டேன். கடைசியில் மாற்றவில்லை. ஞானோதயம் எல்லாம் ஒன்றும் இல்லை, அந்தப் பருவம் முழுவதற்கும் பணம் கட்டியாகிவிட்டது, அவ்வளவுதான்.

மகளின் வகுப்பு முடிந்ததும் அதே கோச் பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு எடுப்பார். ஒரு நாள் நான் வழக்கம்போல், “ஏன் மேடம் இவளுக்கு மட்டும் வரவே மாட்டேங்குது?” என்று ஆரம்பித்தபோது, “நீங்களும் ஒரு நாள் இறங்குங்களேன், அப்புறம் பேசலாம்” என்றார். இறங்கினேன். இறங்கிய அன்றே பேச்சு நின்றுவிட்டது.

மார்பளவுத் தண்ணீர். கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, முகத்தை உள்ளே வைத்து, மூச்சை மெதுவாக வெளியே விட வேண்டும். இதைவிட எளிய வேலை உலகத்தில் இருக்க முடியாது என்று நினைத்தேன். முகம் உள்ளே போனதும் தொண்டை தானாக இறுகிக்கொண்டது. விடு, விடு என்று மூளை சொல்கிறது, நெஞ்சு விட மாட்டேன் என்கிறது. இருக்கிற காற்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத்தான் உடம்பு பார்க்கிறது. மூன்று நொடியில் தலையைத் தூக்கி, திமிங்கலம் மாதிரி புஸ்ஸென்று விட்டு, அவசரமாக ஒரு வாய்க் காற்றை இழுத்தேன். பிறகு இரண்டு கையாலும் முகத்தை வழித்துத் துடைத்தேன். அதே வழிப்பு, அதே துடைப்பு. நாற்பது வயதில் மகளின் நகலாக நின்றுகொண்டிருந்தேன்.

கோச் அப்போது சொன்ன ஒரு விஷயம் எனக்குப் புதிது. மூச்சு முட்டுகிற உணர்வு பெரும்பாலும் ஆக்சிஜன் தீர்ந்துபோவதால் வருவதில்லையாம். இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏற ஏற உடம்பு மணி அடிக்கிறது, அதைத்தான் நாம் காற்று போதவில்லை என்று எடுத்துக்கொள்கிறோம். மூச்சைப் பிடித்துக்கொண்டு கை போடும் குழந்தைக்கு நெஞ்சு நிறையக் காற்று இருக்கும், ஆனாலும் திணறும். அது தலையைத் திருப்பும்போது ஏற்கெனவே உள்ளே இருப்பதை விட்டால்தான் புதிதாக எடுக்க முடியும். குப்புறப் படுத்துக் கையை மாற்றி மாற்றிப் போடும் ஃப்ரீஸ்டைலில் வாய் தண்ணீருக்கு மேலே இருப்பது கண் சிமிட்டும் நேரம்தான். அதற்குள் விடவும் வேண்டும், எடுக்கவும் வேண்டும் என்றால் பாதியில் தண்ணீர்தான் உள்ளே போகும். ஒரு தடவை அப்படிக் குடித்துவிட்டால் அடுத்த தடவை பயத்தில் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். என் மகள் நான்கு கையோடு நின்றதன் ரகசியம் இதுதான். காலும் சரியாக இருந்தது, கையும் சரியாக இருந்தது. தண்ணீருக்குள் மூச்சை விட மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. நானோ வெளியே நின்று காலை அடி, காலை அடி என்று கத்திக்கொண்டிருந்தேன்.

தலையைத் தூக்காதே என்ற என் இன்னொரு உபதேசமும் இப்படித்தான். சொன்னது சரி, சொல்லிப் பயன் இல்லை. நுரையீரல் இரண்டும் மார்பில் வைத்த காற்றுப் பை, அதனால் நெஞ்சு மிதக்கும், கால் கனக்கும். குப்புறப் படுத்த உடம்பு ஏறக்குறைய பூங்காவில் குழந்தைகள் ஏறி இறங்கி ஆடும் சீசாப் பலகை. தலையை உயர்த்தினால் அந்தப் பக்கம் இடுப்பும் காலும் இறங்கிவிடும், இறங்கிய காலை இழுத்துக்கொண்டு நீந்துவது பெரும்பாடு. குழந்தைக்கு இது இன்னும் கஷ்டம். பிறக்கும்போது உடல் நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு தலைதான், வளர்ந்த பிறகு எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆறு வயதில் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கும் அந்தப் பெரிய தலையைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பிடிப்பது லேசுப்பட்ட காரியமா? ஆனால் மூச்சுக்கு வழி தெரியாத குழந்தை தலையைத் தூக்கத்தான் செய்யும். அது விளைவு. விளைவைத் திருத்தச் சொல்லி நான் நாலு மாடிக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

சரி, ஒன்பது வாரம் என்ன செய்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

முதல் இரண்டு வாரம் வெறும் ‘ம்ம்ம்’. முகத்தை உள்ளே வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு பாட்டை முனக வேண்டும். முனகினால் மூக்கு வழியாகக் காற்று தானாக வெளியே வரும், மூக்கில் தண்ணீரும் ஏறாது. குழந்தைக்கு ‘மூச்சை விடு’ என்றால் புரிவதைவிட ‘பாடு’ என்றால் சட்டென்று புரிகிறது. அடுத்து, தரையில் காலை ஊன்றி எழும்பி எழும்பி இறங்குவது: உள்ளே போகும்போது பாட்டு, மேலே வரும்போது ஒரு வாய்க் காற்று, துடைக்காமல் மறுபடி உள்ளே. முதல் நாள் மூன்று முறை செய்தாள். ஒரு மாதத்தில் இருபது முறை, நிற்காமல். அதற்குப் பிறகுதான் பக்கவாட்டில் திரும்புவது வந்தது. சுவரைப் பிடித்தபடி, கன்னத்தைத் தண்ணீரில் சாய்த்துப் படுக்க வைத்தார். “தலையணையில படுத்திருக்க. ஒரு காது தூங்குது. அதை எழுப்பிடாத” என்பார். ஒரு காது உள்ளே, நீச்சல் கண்ணாடியின் ஒரு சில்லு உள்ளே, ஒரு சில்லு வெளியே, வாயின் ஓரம் மட்டும் மேலே. அருகில் போய்ப் பார்த்தால் அந்த வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு மீன் மாதிரி இருக்கும். அந்தக் கோணல் வாய்தான் ஃப்ரீஸ்டைலின் உயிர் என்று இப்போது சொல்வேன். அப்போது, பணம் கட்டி என் பிள்ளை சுவரோரம் படுத்துத் தூங்குகிறாள் என்றுதான் வீட்டில் சொன்னேன்.

இந்த ஒன்பது வாரமும் அவளுடைய அட்டையில் ஒரு நிலைகூட ஏறவில்லை. அட்டையைப் பார்த்தால் முன்னேற்றம் பூஜ்யம். ஆனால் கோச்சிடம் வேறு கணக்கு இருந்தது. எழுந்ததும் முகத்தைத் துடைக்கிறாளா இல்லையா என்பதுதான் அவர் முதலில் பார்ப்பது. முகத்தைத் துடைக்கப் போகிற கை நீந்தப் போகாது. துடைக்காமல் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நின்ற நாள் அவருக்குத் திருவிழா. அடுத்து விரல்கள்: பயந்த குழந்தையின் விரல்கள் தண்ணீருக்குள்ளும் மடங்கியே இருக்கும், அல்லது விசிறி மாதிரி விறைத்து விரிந்திருக்கும். பிறகு கால். முழங்காலை மடக்கிச் சைக்கிள் மிதித்தால் சத்தமும் நுரையும்தான் மிச்சம். இடுப்பிலிருந்து ஆட்டி, பாதத்தைத் தளர விட்டு உதைத்தால் சத்தம் குறையும், நகர்வது கூடும். இவற்றைப் பார்க்கப் பழகிய பிறகு வகுப்பு எனக்கு அலுக்கவே இல்லை. தள்ளி உட்கார்ந்தே பார்க்கலாம். சொல்லப்போனால் தள்ளி உட்கார்ந்தால்தான் நன்றாகத் தெரிகிறது.

கையில் மாட்டும் காற்றுப் பட்டைகளைப் பற்றிக் கொஞ்சம் புலம்ப வேண்டும். வகுப்பில் சேருவதற்கு முன் இரண்டு வருஷம், விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் அவளுக்கு அதைத்தான் மாட்டிவிட்டோம். அது குழந்தையை நிமிர்த்தி நிற்க வைக்கிறது. நிமிர்ந்து நின்று சைக்கிள் மிதிப்பதுதான் நீச்சல் என்று உடம்பு மனப்பாடம் செய்துவிடுகிறது. நீச்சல் என்பது படுத்துக்கொண்டு செய்யும் வேலை. அதைவிட மோசம், பட்டை இல்லாத நாளிலும் இருப்பதாக நினைத்துக் குழந்தை குதித்துவிடும். நழுவிக் கழன்றுவிடவும் கூடும். அவளுடைய சைக்கிள் காலை மாற்றவே ஒரு மாதம் பிடித்தது. நாங்களே காசு கொடுத்துக் கற்றுக்கொடுத்த தப்பு அது.

வாரத்தில் எத்தனை நாள் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எங்களுக்கு ஒத்துவந்தது வாரம் இரண்டு நாள், அரை அரை மணி நேரம். சனிக்கிழமை ஒரே மூச்சாக ஒன்றரை மணி நேரம் போட்டுப் பார்த்தோம், கடைசி அரை மணி வீண். சோர்ந்த குழந்தை தப்பான அசைவைத்தான் திரும்பத் திரும்பப் பழகுகிறது. உடம்பு கற்கும் எந்த வித்தையிலும் இடைவெளி விட்டுச் சிறிது சிறிதாகப் பழகுவது மொத்தமாகக் கொட்டுவதைவிட நிலைக்கும். இடையில் வரும் தூக்கத்துக்கும் அதில் பங்கு உண்டு. செவ்வாய்க்கிழமை வராதது வெள்ளிக்கிழமை வந்து நிற்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

குளிர் ஒரு பெரிய திருடன். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். போட்டிக் குளங்களுக்கு உலக நீச்சல் அமைப்பு வைத்திருக்கும் அளவு 25 முதல் 28 டிகிரி செல்சியஸ். அது நிற்காமல் நீந்துகிறவர்களுக்கான கணக்கு. பாதி நேரம் தன் முறைக்காகச் சுவரோரம் காத்து நிற்கும் ஒல்லிக் குழந்தைக்கு 30, 32 டிகிரி இருந்தால்தான் உடம்பு தளரும். என் மகள் காலை வகுப்பில் மட்டும் மக்காக இருக்கிறாள் என்று திட்டியிருக்கிறேன். உதடு நீலம் பாய்ந்திருந்ததைப் பார்க்கவில்லை. உதடு நீலமாகி, தாடை அடித்துக்கொண்டால் அன்றைய பாடம் முடிந்தது, வெளியே கூப்பிட்டுத் துண்டைப் போர்த்திவிட வேண்டியதுதான். மாலை வகுப்புக்கு மாற்றியதுமே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

வீட்டில் பயிற்சி என்று பெரிதாக எதுவும் செய்யவில்லை. குளிக்கும்போது ஷவரை முகத்தில் விட்டுத் துடைக்காமல் நிற்கும் விளையாட்டு, ஒரு பாத்திரத் தண்ணீரில் முகம் வைத்துப் பாட்டு முனகும் விளையாட்டு, எல்லாம் நாங்கள் பக்கத்திலேயே இருக்கும்போது. வண்டியில் திரும்பி வரும்போது “இன்னைக்கு எத்தனை கை போட்ட?” என்று கேட்பதை விட்டோம். அந்தக் கேள்வியை நிறுத்திய பிறகுதான் அவளாகவே வகுப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

இடையில் காய்ச்சல், தேர்வு, பயணம் என்று ஆறு வாரம் போகவில்லை. திரும்பிப் போன அன்று மூச்சுக் கணக்கு சுத்தமாகக் குலைந்திருந்தது. மிதப்பு போகவில்லை, கால் போகவில்லை, மூச்சு மட்டும் மறுபடி நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இந்த முறை நான் பதறவில்லை. கோச் எதுவும் சொல்வதற்கு முன் அவளே சுவருக்குப் போய் முனக ஆரம்பித்தாள். இரண்டு வாரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிட்டாள்.

பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தூக்கித் தண்ணீரில் போட்டால் பிள்ளை தானாக நீந்திவிடும் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் போடப்பட்டுக் கற்றவர்களைத்தான் நாம் சந்திக்கிறோம். அதே மாதிரி போடப்பட்டு, அறுபது வயது வரை முழங்கால் தண்ணீருக்கு மேல் இறங்காதவர்கள் அதைக் கதையாகச் சொல்வதில்லை. என் பெரியவர்கள் வகுப்பில் அப்படி இரண்டு பேர் இருந்தார்கள்.

பயமே இல்லாமல் போவதும் ஆபத்துதான். தண்ணீருக்குள் மூச்சு வந்த புதிதில் மகளும் இன்னொரு பையனும் யார் அதிக நேரம் உள்ளே இருப்பது என்று போட்டி போட்டார்கள். எப்போதும் நிதானமாக இருக்கும் கோச் அன்று விசில் ஊதி இருவரையும் வெளியே கூப்பிட்டுவிட்டார். முங்குவதற்கு முன் புஸ் புஸ்ஸென்று வேகமாக மூச்சு வாங்கினால் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடும், நான் முன்னால் சொன்ன அந்த மணி சரியான சமயத்தில் அடிக்காது. மணி அடிக்கும் முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, சத்தமே இல்லாமல் மயங்கிவிடுவார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள். அந்த விளையாட்டுக்கு மட்டும் எங்கள் வீட்டில் இன்றுவரை தடை.

எதற்காக நீச்சல் என்ற கேள்விக்கு என்னிடம் முதலில் இருந்த பதில் பதக்கமும் சான்றிதழும்தான். பின்னால் படித்தது அதை மாற்றியது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் மட்டும் ஏறக்குறைய 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அதில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தை. அமெரிக்காவில் 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் முறையாக நீச்சல் கற்றவர்களுக்கு மூழ்கும் ஆபத்து 88 சதவீதம் குறைவு என்றது. இந்த எண்ணை எல்லா விளம்பரத்திலும் தூக்கிப் பிடிப்பார்கள். ஆய்வில் இருந்த குழந்தைகள் குறைவு, அதனால் உண்மைப் பயன் 3 சதவீதமாகவும் இருக்கலாம், 99 சதவீதமாகவும் இருக்கலாம் என்கிற அளவுக்கு அதன் வரம்பு அகலம் என்பதை யாரும் சொல்வதில்லை. அந்நாட்டுக் குழந்தைநல மருத்துவர்களின் சங்கம் 2019இல் ஒரு வயதிலிருந்தே வகுப்புகள் பயன்தரலாம் என்று சொன்னபோதும், எந்த வகுப்பும் குழந்தையை மூழ்காத பிறவி ஆக்கிவிடாது என்பதையும் சேர்த்தே சொன்னது. அதனால் அவள் எவ்வளவு நன்றாக நீந்தினாலும் சரி, தண்ணீர்ப் பக்கம் போனால் ஃபோன் பைக்குள் போய்விடும். மூழ்குகிற குழந்தை சினிமாவில் மாதிரி கையை ஆட்டிக் கூப்பிடாது. வாய் தண்ணீர் மட்டத்தில் ஏறி இறங்கும்போது கத்துவதற்குக் காற்று ஏது?

இதையெல்லாம் படித்த பிறகுதான், கோச் ஏன் எல்லா வகுப்பையும் மல்லாந்து மிதப்பதில் முடிக்கிறார் என்று விளங்கியது. மகளுக்கு அதுதான் பிடிக்காது. காதுக்குள் தண்ணீர் போய்ச் சத்தமெல்லாம் மாறிவிடுவது அவளுக்குப் பயம். இடுப்பை மடக்கி உட்காரப் பார்ப்பாள், முங்குவாள், அழுவாள். கோச் அவள் தலைக்கு அடியில் உள்ளங்கையை வைத்து, “மேல விளக்கு எத்தனைன்னு எண்ணு” என்பார். உள்ளங்கை பிறகு இரண்டு விரலானது. இரண்டு விரல் ஒரு விரலானது. ஒரு நாள் அந்த விரலும் இல்லை, அவள் பன்னிரண்டாவது விளக்கு வரை எண்ணிவிட்டுத்தான் கவனித்தாள். குப்புற நீந்திக்கொண்டே போய், விசில் கேட்டதும் புரண்டு மல்லாந்து, மறுபடி விசில் கேட்டதும் புரண்டு குப்புற. மாதக்கணக்கில் இதே கூத்து. வாரம் ஒரு நாள் நீச்சல் கண்ணாடி இல்லாமலும்.

பெரிய குளத்துக்கு அவள் போனது நான் போட்ட கணக்குக்கு ஏழு மாதம் தாமதமாக. இருபத்தைந்து மீட்டர், நடுவில் கால் எட்டாது. கோச் விளிம்போடு கூடவே நடந்துகொண்டிருந்தார். நான் மூன்றாவது வரிசையில், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். பாதித் தூரத்தில் நின்றுவிட்டாள். எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது, பாதி எழுந்துவிட்டேன். கோச்சின் கையில் மீட்புக் கழி இருந்தது, அவர் அதை நீட்டவில்லை. அவள் புரண்டு மல்லாந்தாள். படுத்தபடியே கண்ணாடியைத் தூக்கி, உள்ளே இருந்ததைக் கொட்டி, மறுபடி மாட்டி, பட்டையை ஒரு தடவை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். கொஞ்ச நேரம் விளக்குகளைப் பார்த்தாள். எண்ணினாளோ என்னவோ. பிறகு புரண்டு, கன்னத்தைச் சாய்த்து, அந்தக் கோணல் வாயால் ஒரு மூச்சை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வெளியே வந்ததும், “நடுவுல என்னடா ஆச்சு?” என்று கேட்டேன், குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டு.

“கண்ணாடியில தண்ணி போயிடுச்சும்மா” என்றாள், துண்டைத் தேடிக்கொண்டே.